பட்டாளத்துச் சம்பளம் 11 ரூபாய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நடுவே 'முதல் உலகப் போருக்குப் போன இந்தியச் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பரணில் கிடந்த தகரப்பெட்டியை இறக்கிப் பார்த்தவர்கள், பாட்டியிடம் உட்கார்ந்து கதை கேட்டவர்கள், 'வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்' என்று கோபமாகக் கேட்டவர்கள் எல்லாருமே எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதம் முழுக்க அந்தச் சம்பளக் கணக்குதான்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா மதராஸ் சேப்பர்ஸில் (பாலம், சாலை வேலை பார்க்கும் பட்டாளப் பிரிவு) இருந்தவர், மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய்வந்தவர். அந்தக் காலத்தில் ஒரு பவுன் 15 ரூபாய்தான் என்கிறார்கள். அப்படியென்றால் 11 ரூபாய் கிட்டத்தட்ட முக்கால் பவுன். இன்றைய விலையில் பார்த்தால் அது பெரிய சம்பளம்தானே? (வேலூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பவுன் கணக்கு சரிதான். ஆங்கிலேயரின் தங்கப் பவுன் 1899 முதல் இங்கே 15 ரூபாய்க்குச் சட்டப்படி செல்லுபடியானது. நாம் இன்றைக்கும் 8 கிராமைப் பவுன் என்று சொல்வதே அந்த நாணயத்தை வைத்துத்தான். ஆனால் ஒரு சம்பளம் பெரியதா சின்னதா என்று தங்கத்தை வைத்துப் பார்க்கக் கூடாதம்மா. சம்பளம் வாங்கினவர் தங்கம் வாங்கவில்லை. அரிசி வாங்கினார், பருப்பு வாங்கினார், விறகு வாங்கினார், மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பினார். அதனால் 'எவ்வளவு கொடுத்தார்கள்' என்று கேட்டதோடு நிற்காமல் 'அதில் அவர் எதையெல்லாம் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருந்தது' என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

கொஞ்சம் பின்னால் போவோம். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் மாதம் 7 ரூபாய். விலைவாசி ஏறியது, ரயில் வந்தது, தந்தி வந்தது, கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தது, ஆனால் அந்த 7 ரூபாய் மட்டும் அசையவில்லை. 1895-இல்தான் அது 9 ரூபாய் ஆனது. மதராஸ், பம்பாய், வங்காளம் என்று தனித்தனியாக இருந்த மூன்று படைகளும் ஒன்றாக்கப்பட்டது அதே ஆண்டில்தான். அப்புறம் 1909-இல் 11 ரூபாய். ராணி ஆட்சி வந்ததை அறிவித்த விக்டோரியா ராணியின் பிரகடனம் வெளியாகி 50 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி அந்த 2 ரூபாய் உயர்வை அறிவித்தார்கள். 1914-இல் போர் மூண்டபோது இந்த 11 ரூபாய்தான் நடப்பில் இருந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அமைதிக் காலத்தில், அதாவது கன்டோன்மென்டில் இருக்கும்போது, சிப்பாய்க்குச் சாப்பாடு கிடையாது. சர்க்கார் தங்க இடம் கொடுக்கும், துப்பாக்கி கொடுக்கும், உடுப்பில் ஒரு பகுதி கொடுக்கும். சோறு அவர் பாடு. பட்டாளத்துக் கடைவீதியில் தன் சம்பளத்திலிருந்து வாங்கித் தானே பொங்கித் தின்ன வேண்டும். உடுப்பிலும் சில உருப்படிகளுக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. தானிய விலை ஓர் அளவுக்கு மேல் ஏறினால் அந்தக் கூடுதலை ஈடுகட்ட ஒரு தொகை கொடுப்பார்கள். நம் அரசு ஊழியர்கள் ரொம்ப காலம் 'பஞ்சப்படி' என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, கிட்டத்தட்ட அதேதான். பஞ்சம் வந்தால்தான் படி.

கப்பலேறிப் போர்க்களத்துக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே ரேஷன் இலவசம், சம்பளத்துக்கு மேல் படியும் உண்டு. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா மெசபடோமியாவில் இருந்தபோது அவர் கையில் மிஞ்சியது பெங்களூரில் இருந்தபோது மிஞ்சியதைவிடக் கட்டாயம் அதிகமாக இருந்திருக்கும். கூடவே அவர் சேப்பர் என்கிறீர்கள். சேப்பர்களில் தச்சு, கொல்லு, கொத்து வேலை தெரிந்தவர்களுக்கு வேலைத்திறனுக்கென்று தனியாக ஒரு தொகை சேரும். பாலம் கட்டுகிறவன், சாலை போடுகிறவன், பதுங்குகுழி வெட்டுகிறவன் என்பதால் வெறும் காலாட்படைச் சிப்பாயைவிட அவர் ஒரு படி மேல்.

ஊரில் இருந்த சிப்பாய்க்கும் போருக்கு இன்னும் போகாத சிப்பாய்க்கும் இலவச ரேஷன் எப்போது வந்தது தெரியுமா? 1917 ஜனவரியில். போர் ஆரம்பித்து இரண்டரை ஆண்டு கழிந்த பிறகு. அதே 1917-இன் நடுவில், புதிதாகச் சேருபவருக்கு 50 ரூபாய் என்று ஒரு ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். இதெல்லாம் மனம் இரங்கி வந்ததில்லை. இந்தியாவில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கிடையாது, பட்டாளத்தில் சேருவது பேரளவில் அவரவர் விருப்பம். போர் நீள நீள ஆள் கிடைப்பது கடினமானது, விலைவாசி தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, 11 ரூபாய்க்கு ஒருவரும் திரும்பிப் பார்க்காத நிலை வந்தது. 1918-இல் நம் மாகாணத்தில் பல ஊர்களில் தானியக் கடைகளும் சந்தைகளும் சூறையாடப்பட்டன. அந்த அளவுக்கு விலை ஏறியிருந்தது.

செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வோமே, அதையே வடக்கத்திச் சிப்பாய்கள் 'நமக்', உப்பு, என்று சொன்னார்கள். சர்க்காரின் உப்பைத் தின்றோம், அதற்காக உயிரைக் கொடுப்போம் என்று. அந்த விசுவாசத்தை நான் குறைத்துப் பேசவே மாட்டேன், அது அவர்கள் உண்மையாக உணர்ந்தது. ஆனால் அந்த உப்பையும் சோற்றையும் கன்டோன்மென்ட் அடுப்பில் அவர்கள் தங்கள் காசில்தான் பொங்கினார்கள் என்பதையும் நாம் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மைத்துனர் லாரி ஓட்டுகிறார். சம்பளம் தனி, பேட்டா தனி என்பார். பழைய ராணுவக் காகிதங்களிலும் 'பத்தா' என்று வருகிறதே, இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான். இது கம்பெனிக் காலத்துச் சொல். கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பழைய அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். சொந்தப் பாளையத்தை விட்டு வெளியே அனுப்பினால் சாப்பாட்டுச் செலவு கூடும் அல்லவா, அதற்காகக் கொடுத்தது. நம் 'படி'யும் அப்படித்தான் பாருங்கள். நெல் அளக்கிற படியும் அதே சொல், பயணப்படி, பஞ்சப்படி என்று சம்பளத்தோடு ஒட்டி வருவதும் அதே சொல். 'எல்லாருக்கும் படியளக்கிறவன்' என்று கடவுளைச் சொல்கிறோம். கூலி என்பது ஆதியில் தானியமாக இருந்ததன் அடையாளம் இந்தச் சொற்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டாளத்தில் சம்பளத்தைவிட பத்தாவுக்காகத்தான் அதிகத் தகராறு நடந்திருக்கிறது. 1844-இல் சிந்துவுக்குப் போகச் சொன்னபோது, அது இப்போது நம் நாட்டுப் பகுதிதான், ஆகவே வெளிநாட்டு பத்தா கிடையாது என்று சர்க்கார் சொன்னது. வங்காளப் படைப்பிரிவுகள் சில கிளம்பவே மறுத்தன. வரைபடத்தில் எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டுவிட்டால் சிப்பாயின் பசி குறைந்துவிடுமா என்ன? இந்த மாதிரி அனுபவங்கள் இருந்ததால்தான் முதல் உலகப் போர் காலத்தில் கடல் தாண்டிப் போனவர்களுக்குப் படியை நிறுத்தாமல் கொடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: அதே அகழியில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு எவ்வளவு? நேரடியாகச் சொல்லுங்கள், பூசி மெழுக வேண்டாம். (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நேரடியாகவே சொல்கிறேன். பிரிட்டிஷ் காலாட்படையில் கடைநிலைச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 1 ஷில்லிங். அந்த நாளில் 1 ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது நிலையான மாற்று விகிதம், அதாவது 16 பென்ஸ். மாதம் 30 நாள் என்று வைத்தால் அவருக்கு 30 ஷில்லிங், நம் பணத்தில் இருபத்திரண்டரை ரூபாய். நம்மவருக்கு 11. அதாவது பாதிக்கும் கீழே. இதோடு வெள்ளைக்காரருக்குச் சோறு, துணி, கூரை எல்லாம் எப்போதும் சர்க்கார் செலவு. கன்டோன்மென்ட் வாழ்க்கையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இடைவெளி இன்னும் பெரியது.

ஆனால் அந்த 1 ஷில்லிங்கும் அவர்களுக்குப் பெரிய பணம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வந்துகொண்டிருந்த தொகை. துப்பாக்கி சுடுவதில் தேர்ந்தவர், சில ஆண்டு சேவை முடித்தவர் என்றால் மேலே 3 பென்ஸோ 6 பென்ஸோ தேர்ச்சிப்படி கிடைக்கும். கார்ப்பரலுக்கு 1 ஷில்லிங் 8 பென்ஸ், சார்ஜென்டுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். இங்கே ஒரு விஷயம் அந்தப் பட்டாளத்துக்குள்ளேயே பெரிய மனக்கசப்பை உண்டாக்கியது. போர் தொடங்கியவுடன் மோட்டார் வண்டி ஓட்டத் தெரிந்த ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அப்போது கார் ஓட்டத் தெரிந்தவர்கள் அரிது. அதனால் தளவாடப் படையில் லாரி ஓட்டச் சேர்ந்தவர்களுக்கு நாளைக்கு 6 ஷில்லிங் கொடுத்தார்கள். பின்னால் லாரி ஓட்டுகிறவருக்கு 6, முன்னால் குண்டுக்கு நெஞ்சைக் காட்டுகிறவருக்கு 1. சந்தையில் எந்த வேலைக்கு ஆள் குறைவோ அதற்குத்தான் விலை, உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்பதற்கு விலை இல்லை என்பது இந்தக் கணக்கில் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஆஸ்திரேலியச் சிப்பாய்க்கும் 6 ஷில்லிங்தான். அவர்கள் அரசு வேறு மாதிரி யோசித்தது. ஊரில் ஒரு தொழிலாளி சராசரியாக என்ன சம்பாதிக்கிறானோ அதிலிருந்து சாப்பாடு, தங்கும் செலவைக் கழித்துப் பார்த்து இந்தத் தொகையை வைத்தார்கள். அதில் 1 ஷில்லிங்கைப் பிடித்து வைத்து, படையிலிருந்து விலகும்போது மொத்தமாகக் கொடுத்தார்கள். நியூசிலாந்துக்காரருக்கு 5 ஷில்லிங். கனடாக்காரருக்கு நாளைக்கு 1 டாலர், போர்க்களப்படி 10 சென்ட். இவர்கள் எல்லாரும் பிரான்ஸில் ஒரே கிராமத்துக் கடைக்கு முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்க வரும்போது, 1 ஷில்லிங்காரர் ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான். 1917 செப்டம்பர் 29 முதல் பிரிட்டிஷ் சிப்பாயின் குறைந்தபட்சச் சம்பளத்தை 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆக்கினார்கள். 1919-இல் அது 2 ஷில்லிங் 9 பென்ஸ் ஆனது. போர் முடிந்த பிறகு!

ஆனால் எல்லாரிலும் குறைவாக வாங்கியவர்களில் ஒருவர் அந்த நாட்டுக்காரரே, பிரெஞ்சுச் சிப்பாய். 1914-இல் நாளைக்கு 5 சென்டிம், அவர்கள் பாஷையில் ஒரு 'சூ'. 1915 அக்டோபரில் 25 சென்டிம் ஆக்கினார்கள். அங்கே கட்டாய ராணுவச் சேவை, எல்லா ஆண்களும் போயே ஆக வேண்டும், எனவே அதை வேலை என்று யாரும் எண்ணவில்லை, கடமை என்று எண்ணினார்கள். கடமைக்குக் கைச்செலவுக் காசு போதும் என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்கா 1917-இல் போரில் இறங்கியபோது கடைநிலைச் சிப்பாய்க்கு மாதம் 15 டாலரை 30 டாலராக இரட்டிப்பாக்கியது. மாதம் 30 டாலரோடு வந்து இறங்கிய அமெரிக்கரை அந்த ஒரு சூக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: குதிரைப்படைச் சவாருக்கு மாதம் 34 ரூபாய் என்று படித்தேன். காலாட்படைக்கு 11, குதிரைப்படைக்கு 34, இது அநியாயம் இல்லையா?

பதில்: மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அந்த 34 ரூபாயில் குதிரையின் தீனியும் அடக்கம். 'சில்லேதார்' முறை என்று ஒன்று இருந்தது. சேரும்போதே சவார் ஒரு பெருந்தொகையைக் கட்ட வேண்டும், அல்லது தன் குதிரையோடு வர வேண்டும். குதிரை, சேணம், உடுப்பு, வாள், கூடாரம், புல், கொள்ளு எல்லாம் அவர் பொறுப்பு. சர்க்கார் கொடுத்தது துப்பாக்கியும் தோட்டாவும்தான். அதனால் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இதில் சேர முடிந்தது. குதிரை செத்தால் படைப்பிரிவின் பொது நிதியிலிருந்து வேறு குதிரை வாங்குவார்கள். அமைதிக் காலத்தில் இது அழகாக ஓடியது. 1914-க்குப் பிறகு குதிரைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது அந்த நிதி எந்த மூலைக்கு? போருக்குப் பிறகு அந்த முறையையே ஒழித்துவிட்டார்கள்.

கேள்வி: ஆண்கள் போருக்குப் போனார்கள் சரி, வீட்டில் இருந்த பெண்களுக்கு என்ன கிடைத்தது? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நியாயமான கோபம், எழுதியிருக்க வேண்டும்.

பிரிட்டனில் பிரிவுப்படி என்று ஒன்று இருந்தது. கணவர் படைக்குப் போனதால் பிரிந்திருக்கும் மனைவிக்கு அரசு கொடுக்கும் பணம். போருக்கு முன்பு, மேலதிகாரியின் அனுமதியோடு கல்யாணம் செய்து படைப்பிரிவின் பதிவேட்டில் பெயர் ஏறிய மனைவிகளுக்கு மட்டுமே அது. 1914 ஆகஸ்டில் லட்சக்கணக்கான சாதாரண ஆண்கள் சேர ஆரம்பித்ததும் எல்லா மனைவிகளுக்கும் என்று விரித்தார்கள். 1914 அக்டோபர் முதல் பிள்ளையில்லாத மனைவிக்கு வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ். ஆனால் இதில் 3 ஷில்லிங் 6 பென்ஸ் கணவரின் சம்பளத்திலிருந்தே பிடித்தது. நாளைக்கு 1 ஷில்லிங் என்றால் வாரத்துக்கு 7, அதில் சரிபாதி வீட்டுக்குப் போய்விடும். பிள்ளைகள் இருந்தால் தொகை கூடும். முறைப்படி கல்யாணம் ஆகாமல் குடும்பமாக வாழ்ந்த பெண்களுக்கும், மகனை நம்பியிருந்த தாய்மார்களுக்கும்கூடக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம் என்றே சொல்வேன். பல ஏழை வீடுகளில், குடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும் கணவன் கையிலிருந்து வராமல், வாரம் தவறாமல் அஞ்சலகத்தில் பெண் கையிலேயே முதன்முறையாகப் பணம் வந்தது.

ஆனால் கூடவே ஒரு கேவலமும் நடந்தது. நடத்தை சரியில்லை என்று கருதப்படும் மனைவிகளுக்கு இந்தப் படியை நிறுத்தலாம் என்று 1914 அக்டோபரிலேயே ஒரு சுற்றறிக்கை போய், இந்தப் பெண்களைக் கண்காணிக்கும் வேலையில் போலீஸையும் இறக்கினார்கள். கணவர் அகழியில் சேற்றில் நிற்கிறார், இங்கே அவர் மனைவி சாராயக் கடைக்குப் போனாளா, யாரோடு பேசினாள் என்று போலீஸ்காரர் கேட்கிறார். அந்தப் பணம் தர்மம் இல்லை, சம்பளத்தின் ஒரு பகுதி, அதுவும் ஒரு பங்கு கணவரின் சொந்தச் சம்பளம் என்று பெண்கள் சங்கங்கள் கடுமையாகச் சண்டை போட்டன. அது சரியான சண்டை.

பிரான்ஸில் சிப்பாய்க்கு ஒரு சூ என்று சொன்னேனே, அங்கே தேவைப்பட்ட குடும்பத்துக்கு 1914 ஆகஸ்ட் 5-ஆம் தேதிச் சட்டப்படி நாளைக்கு 1 பிராங்க் 25 சென்டிம், ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலே 50 சென்டிம். அதாவது சிப்பாயைவிட அவர் மனைவிக்கு 25 மடங்கு. இதனால் பல கிராமத்து வீடுகள் பிழைத்தன.

நம் ஊர்ப் பெண்களுக்கு? பிரிட்டிஷ் மனைவிக்கு வந்த மாதிரி வாரந்தோறும் அரசின் பிரிவுப்படி வரவில்லை. சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு என்று எழுதிக் கொடுக்கலாம், அல்லது மணியார்டர் அனுப்பலாம். அது தபால்காரர் கையில் ஊருக்கு வரும். வாங்கும் பெண் கைநாட்டு வைப்பாள். கணவர் பிரான்ஸில் இருக்கிறாரா பாஸ்ராவில் இருக்கிறாரா என்றே தெரியாத பெண்ணுக்கு அந்த மணியார்டர்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சாட்சி. ஒரு மாதம் வரவில்லை என்றால் வெறும் பணக்கஷ்டம் மட்டுமா?

கேள்வி: அதிகாரிகளுக்குச் சம்பளம் அள்ளிக் கொடுத்திருப்பார்களே?

பதில்: அள்ளியெல்லாம் இல்லை. போருக்கு முன்பு பிரிட்டிஷ் காலாட்படையில் புதிதாகச் சேர்ந்த இரண்டாம் லெப்டினென்டுக்கு நாளைக்கு 5 ஷில்லிங் 3 பென்ஸ்தான், 1915 தொடக்கத்தில் அதை 7 ஷில்லிங் 6 பென்ஸ் ஆக்கினார்கள். உடுப்பு, வாள், உணவுக்கூடச் செலவு எல்லாம் அவர் கணக்கு. சம்பளத்தை நம்பி வாழாத பணக்காரப் பிள்ளைகள்தான் அதிகாரியாக வர வேண்டும் என்பதற்கு அதுவே வேலி. போரில் அதிகாரிகள் ஏராளமாகச் செத்து, குமாஸ்தாக்களையும் ஆசிரியர்களையும் அதிகாரி ஆக்க வேண்டி வந்தபோதுதான் சம்பளத்தையும் உடுப்புப் பணத்தையும் பற்றி யோசித்தார்கள்.

கேள்வி: சம்பளத்துக்காகச் சிப்பாய்கள் கலகம் செய்தது அந்தப் போரில் உண்டா?

பதில்: உண்டு, நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கறுப்பினத்தவர் தாங்களாகவே முன்வந்து சேர்ந்த படைப்பிரிவு ஒன்று இருந்தது, பிரிட்டிஷ் மேற்கிந்திய ரெஜிமென்ட். வெள்ளைச் சிப்பாய்க்கு எந்த விகிதமோ அதே விகிதம் என்ற பேச்சில்தான் சேர்ந்தார்கள். மேலே சொன்ன அந்த 6 பென்ஸ் உயர்வை 1918-இன் ராணுவ உத்தரவு ஒன்று எல்லாப் பிரிட்டிஷ் படைகளுக்கும் கொடுத்தது. இவர்களுக்கு மட்டும் இல்லை. காரணம், இவர்கள் 'சுதேசிகள்' என்ற பட்டியலில் வருகிறார்களாம். போர் முடிந்த மறு மாதம், 1918 டிசம்பர் 6 அன்று, இத்தாலியில் டராண்டோ முகாமில் அவர்கள் கலகம் செய்தார்கள். சம்பளம் மட்டுமே காரணம் இல்லை. வெள்ளைப் படையினரின் கழிப்பறையைக் கழுவு, அவர்கள் துணியைத் துவை என்று வேலை ஏவியதும் சேர்ந்துகொண்டது. கலகத்தை அடக்கிக் கடும் தண்டனை கொடுத்தார்கள். ஆனால் சம்பள உயர்வையும் பின்னால் கொடுத்துவிட்டார்கள்! அதே மாதம் அந்த முகாமிலேயே சார்ஜென்டுகள் கூடி கரீபியன் லீக் என்று ஒன்றைத் தொடங்கி, தங்கள் தீவுகளின் சுயாட்சியைப் பற்றிப் பேசினார்கள். 6 பென்ஸில் தொடங்கியது எங்கே போய் நின்றது பாருங்கள்.

நம் பக்கத்திலும் 'சிப்பாய்' என்ற கணக்கிலேயே வராதவர்கள் உண்டு. போருக்காக இந்தியாவில் திரட்டப்பட்ட ஏறத்தாழ 14 லட்சம் பேரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாத பணியாளர்கள். தண்ணீர் சுமப்பவர், சமையல்காரர், துப்புரவு செய்பவர், கழுதை ஓட்டுபவர், டோலி தூக்குபவர். பட்டாளத்தோடு நிரந்தரமாக இருந்த இவர்களில் கடைநிலையினருக்குச் சம்பளம் சிப்பாய்க்கும் கீழே. அடிபட்டவனைத் தூக்க டோலிக்காரர் குண்டு விழும் இடத்துக்குள்தான் போக வேண்டும். ஊருக்கு ஊர் நினைவுக்கல்லில் 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டிலும் அப்படி ஒரு கல் உண்டு, அந்த எண்ணிக்கைக்குள் டோலிக்காரரும் இருக்கிறாரா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

கேள்வி: வீரப்பதக்கம் வாங்கினால் சம்பளம் கூடுமா?

பதில்: கூடும். 1837-இல் கம்பெனி தொடங்கிய 'ஆர்டர் ஆஃப் மெரிட்' பதக்கம் இதற்கென்றே பேர் பெற்றது. மூன்றாம் வகுப்பு வாங்கினால் வழக்கமான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், இரண்டாம் வகுப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு, முதல் வகுப்புக்குச் சம்பளமே இரட்டிப்பு. 1911-இல் விக்டோரியா கிராஸ் இந்தியருக்கும் உண்டு என்று ஆனபோது முதல் வகுப்பை எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பதக்கம் இருந்தால் அதற்கும் ஒரு சம்பளக் கணக்கு உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய காகிதத்தில் 11—0—0 என்றும், இன்னொரு இடத்தில் 3—8—0 என்றும் இருக்கிறது. இது என்ன கணக்கு? காகிதம் பொடிப்பொடியாக உதிர்கிறது. (தர்மபுரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ரூபாய், அணா, பைசா. அப்போதைய சின்னப் பைசா ஒரு அணாவுக்கு 12. அணா ரூபாய்க்கு 16. ஆகவே 11—0—0 என்பது 11 ரூபாய் சுத்தமாக, 3—8—0 என்பது 3 ரூபாய் எட்டணா, அதாவது மூன்றரை ரூபாய். முதல் எண் அடிப்படைச் சம்பளமாக இருக்க வேண்டும். இரண்டாவது என்ன என்று அறிய அதற்கு நேர் இடப்பக்கத் தலைப்பைப் பாருங்கள். பிடித்தமா, படியா, வீட்டுக்கு எழுதிக் கொடுத்த பங்கா என்று அங்கே இருக்கும். கீழே சிவப்பு மையில் ஏதாவது இருந்தால் அதையும் விடாதீர்கள்.

உதிர்கிற காகிதத்தை மடிப்பு நீக்கி விரிக்க முயல வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம். இப்போது இருக்கிறபடியே ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஓரத்தில் உள்ள கைநாட்டும் தெளிவாக விழும்படி பார்த்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழுக்குள் அந்த 3 ரூபாய் எட்டணா யாருக்குப் போனது என்று சேர்ந்து பார்ப்போம்.